குள்ளச் சாம்பியனின் இடம் எது?

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், ஒரு சர்ச்சை தவறாமல் எழும். ஹெவிவெயிட் சாம்பியன்களில் தலைசிறந்தவர் யார் என்பதே அது. 1980-ல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட முகம்மது அலியின் பெயரைத்தான் தமிழர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வார்கள். பழைய வரலாறு படித்தவர்கள் ஜோ லூயிஸ் என்பார்கள். மூன்றாவதாக ராக்கி மார்சியானோ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பேச்சில் சூடு ஏறிவிடும்.

ஏறுவதற்குக் காரணமும் உண்டு. மார்சியானோ தொழில்முறையில் ஆடியது 49 போட்டிகள். வென்றதும் 49. அவற்றில் 43 போட்டிகளில் எதிராளி கடைசி ரவுண்டு வரை நிற்கவில்லை. ஒரு தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. ஆனால் அவரது உயரமோ 5 அடி 10 அங்குலம் சொச்சம்தான். எடை 185 பவுண்டுக்கும் 190 பவுண்டுக்கும் இடையில். கை வீச்சு 68 அங்குலத்தைத் தாண்டாது. ஆறடி ஆறங்குலம் வளர்ந்த விளாடிமிர் கிளிட்ச்கோவையும், ஆறடி ஒன்பதங்குலம் வளர்ந்த டைசன் ஃபியூரியையும் பார்த்த கண்களுக்கு இவர் சாம்பியனாகவே தோன்றமாட்டார்.

மார்சியானோவை மறுப்பவர்கள் இரண்டு வாதங்களை வைக்கிறார்கள். முதலாவது உருவம். பிற்கால ஹெவிவெயிட்டுகளின் எதிரே இவர் ஒரு ரவுண்டு கூடத் தாங்கமாட்டார் என்பது. இரண்டாவது வயது. அவர் வீழ்த்தியவர்கள் எல்லாம் கிழட்டுச் சிங்கங்கள் என்பது. 1951 அக்டோபரில் அவரிடம் தோற்றபோது ஜோ லூயிசுக்கு வயது 37. வருமான வரி பாக்கிக்காக ஓய்விலிருந்து திரும்பி வந்து ஆடியவர். 1952-ல் பட்டத்தைப் பறிகொடுத்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. 1955-ல் மோதிய ஆர்ச்சி மூர் அவரையும்விட இளையவர் என்று சொல்ல முடியாது. இவை உண்மைகள்தாம். மறுப்பதற்கில்லை.

ஆனால் முதல் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மார்சியானோ காலத்தில் லைட் ஹெவிவெயிட் வரம்பு 175 பவுண்டு. அதற்கு ஒரு பவுண்டு கூடினாலும் ஹெவிவெயிட்தான். இடையில் வேறு பிரிவே கிடையாது. க்ரூசர்வெயிட் என்ற தனிப் பிரிவு 1980 வாக்கில்தான் வந்தது. முதலில் அதன் வரம்பு 190 பவுண்டு; பிறகு அதுவும் 200 ஆயிற்று. அதாவது, இன்றைய கணக்குப்படி மார்சியானோ ஹெவிவெயிட்டே அல்லர். தன்னை விடப் பெரியவர்களோடு மோதித்தான் ஆக வேண்டும் என்ற சட்டத்தின் கீழ் ஆடியவரை, அந்தச் சட்டம் மாறிய பிறகு வந்தவர்களின் அளவுகோலால் அளப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது வாதத்துக்கு ஆர்ச்சி மூரே பதில். மார்சியானோவிடம் ஒன்பதாவது ரவுண்டில் வீழ்ந்த பிறகும், அந்தக் 'கிழவர்' 1962 வரை லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக நீடித்தார். ஏழு ஆண்டுகள்! வயதாகி ஓய்ந்துபோனவர் என்று அவரை எப்படித் தள்ளுவது? வால்காட்டும் அப்படித்தான். முந்தைய ஆண்டுதான் எஸ்ஸார்டு சார்லசை வீழ்த்திப் பட்டம் வென்றிருந்தார். அந்தச் சார்லஸ் 1954-ல் மார்சியானோவோடு இரு முறை மோதியபோது அவருக்கு வயது 32, 33. லூயிசை விட்டுவிடலாம். மற்ற மூவரும் அந்த யுகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள்.

எப்படி வென்றார் என்பதையும் பார்க்க வேண்டும். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் குத்தில் மார்சியானோ தரையில் விழுந்தார். அதுவரை அவர் விழுந்ததே இல்லை. பன்னிரண்டு ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். மீதி மூன்று ரவுண்டுகளைச் சமாளித்து நின்றாலே பட்டம் வால்காட்டிடம் தங்கியிருக்கும். 13-வது ரவுண்டில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வலது கையை வீச, மார்சியானோவின் குத்து முந்திச் சென்று தாடையில் இறங்கியது. வால்காட் கயிற்றில் சரிந்து உட்கார்ந்தார். போட்டி முடிந்தது.

1954 செப்டம்பரில் சார்லசுடன் நடந்த இரண்டாவது போட்டியில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்த உதவியாளர்களால் முடியவில்லை. எந்த நிமிடமும் நடுவர் போட்டியை நிறுத்திவிடலாம் என்ற நிலை. எட்டாவது ரவுண்டில் சார்லசை வீழ்த்திப் பட்டத்தைக் காப்பாற்றினார். பாயின்டில் பின்தங்கியபோதும், ரத்தம் கொட்டியபோதும் ஜெயிக்கத் தெரிந்தவரை எடை மெஷினில் ஏற்றி நிராகரிக்க முடியாது.

இதில் பயிற்சியாளர் சார்லி கோல்டுமனின் பங்கும் பெரிது. நெடிய எதிராளிகளை எட்டிப் பிடிக்க மார்சியானோவை நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை அவர். இன்னும் குனியச் சொன்னார். உயரமானவர்கள் கீழே தேடிக் குத்த வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் புகுந்து இடுப்பு முதல் தாடை வரை தாக்குவது மார்சியானோவின் வழி. பிராக்டன் நகரின் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பேஸ்பால் ஆட்டக்காரராக முயன்று தோற்று, தாமதமாகவே குத்துச்சண்டைக்கு வந்தவர். பதினைந்து ரவுண்டும் ஓயாமல் குத்தும் தெம்பை உழைத்துத்தான் தேடிக்கொண்டார்.

அதே சமயம், மார்சியானோவின் பக்தர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 49 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவரை முதல் பீடத்தில் ஏற்ற முடியாது. அவர் பட்டத்தைக் காத்தது 6 முறை. லூயிஸ் காத்தது 25 முறை, அதுவும் ஏறத்தாழ 12 ஆண்டுகள். அலி சந்தித்த லிஸ்டன், பிரேசியர், ஃபோர்மன் போன்ற வரிசை மார்சியானோவுக்கு வாய்க்கவில்லை. 48 வெற்றிகளோடு அந்த எண்ணை நெருங்கிய லாரி ஹோம்ஸ் 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்சிடம் தோற்றார். அவரை மடக்கிய ஸ்பிங்க்சும் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலேறி வந்தவரே. 2017-ல் வேறு எடைப் பிரிவைச் சேர்ந்த ஃபிளாய்டு மேவெதர் 50-ஐத் தொட்டுவிட்டார். எண்தான் பெருமை என்றால், மார்சியானோவின் பெருமை அன்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லையே!

கற்பனைப் போட்டிகளாலும் தீர்ப்பு கிடைக்காது. 1969-ல் அலியும் மார்சியானோவும் மோதுவதுபோலப் படம் பிடித்து, முடிவைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். 13-வது ரவுண்டில் மார்சியானோ வென்றதாக 1970 ஜனவரியில் அமெரிக்காவில் திரையிட்டார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டு 31-ல், 46-வது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் மாண்டுபோனார். அந்தக் கம்ப்யூட்டர் தீர்ப்பை அன்றும் யாரும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டார்கள்.

சிறியவர் பெரியவரை வெல்ல முடியும் என்பதற்கு 2024-ல் புதிய சாட்சி கிடைத்தது. க்ரூசர்வெயிட்டிலிருந்து வந்த ஒலெக்சாண்டர் உசிக், தன்னைவிட ஏறத்தாழ 40 பவுண்டு கூடுதலான ஃபியூரியை வென்றார். ஆனால் உசிக்கும் ஆறடி மூன்றங்குலம். மார்சியானோவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஃபியூரியின் முன் நிறுத்தினால் அநேகமாகத் தோற்றுத்தான் போவார். அதனால் அவருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. தன் காலத்தில் தன் எதிரே நின்றவர்களை வெல்வதுதான் ஒரு சாம்பியனிடம் கேட்கக்கூடிய வேலை. அந்த வேலையில் அவர் ஒரு நாளும் தவறவில்லை.

லூயிசுக்கும் அலிக்கும் அடுத்த வரிசையில் மார்சியானோவுக்கு ஓர் ஆசனம் நிச்சயம் உண்டு. 1956-ல் 32 வயதில், பட்டம் கையில் இருக்கும்போதே விலகிப் போய், பணத்துக்காகத் திரும்பி வராமல் இருந்த விவேகத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லூயிசை வீழ்த்திய இரவில் அவருக்காகக் கண்ணீர் விட்டவர் மார்சியானோ என்பார்கள். ஓய்வு பெற்ற சாம்பியன் திரும்பி வந்தால் என்ன நேரும் என்பதை அன்று பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.