குழம்பு வற்றினால் எதை ஊற்றுவோம்?



போன மாதம் மகனுடைய கடல் மீன் தொட்டியைப் படம் எடுத்து இங்கே போட்டாலும் போட்டேன், "சார், நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படி?" என்று தினம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

வாங்கலாம். ஆனால் தினமும் காலையில் அந்தத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்ற வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நல்ல தண்ணீர் என்று சொல்வது நம் ஊர் அர்த்தத்தில்தான்: உப்பில்லாத தண்ணீர். ஆள் இல்லையென்றால் தங்க மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்தில் இருந்த இரண்டு கோமாளி மீன்களையும் எல்லாரும் பாராட்டினீர்கள். அந்தத் தொட்டியில் அதற்கு முன்பு இரண்டு சிவப்பு இறாலும் மூன்று நத்தைகளும் இருந்தன. அவை செத்துப்போனதற்குக் காரணம் நான். அதைப் படத்தோடு சேர்த்து எழுத அன்றைக்கு மனசு வரவில்லை.

போன வருஷம் ஆடி மாதம். மகனும் மருமகளும் பிள்ளைகளும் இருபது நாள் வெளியூர் போனார்கள். பாளையங்கோட்டை வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். ஆடிக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்குத் தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று தொட்டிக்கு மேலே இரண்டு சின்ன மின்விசிறி. 100 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. "கண்ணாடில கோடு போட்டிருக்கேம்ப்பா, தண்ணி அதுக்குக் கீழ இறங்குனா கேன்ல இருந்து ஊத்துங்க" என்று மகன் சொல்லிவிட்டுப் போனான். எந்தக் கேன் என்றும் சொல்லியிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. இரண்டு கேனில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டில், திரும்பி வந்ததும் தண்ணீர் மாற்றுவதற்காகக் கடல் உப்பு கரைத்து வைத்த தண்ணீர்.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்! உப்புத் தண்ணீர்க் கேனைத் திறந்தேன். கோடு ஒரு நாளும் தவறவில்லை. ஸ்கூல் ரிஜிஸ்டர் மாதிரி தேதி போட்டு நோட்டில் வேறு எழுதி வைத்தேன்.

இப்போது கரும்பலகைக் கணக்கு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 100 லிட்டர் தொட்டியில் 3500 கிராம். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இருபது நாளில் நான் ஊற்றியது 40 லிட்டர். அதனோடு உள்ளே போன உப்பு 1400 கிராம். மொத்தம் 4900 கிராம், அதாவது லிட்டருக்கு 49 கிராம். உலகத்திலேயே உப்பு மிகுந்த கடல்களில் ஒன்று செங்கடல். அதன் வடபகுதியிலேயே 40 கிராம் அளவுதான். கோடு சரியாக இருந்தது, தண்ணீர் சரியாக இல்லை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ ஓர் இறால் அசையாமல் கிடந்தது. இறால் வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போடும் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். சட்டை உரித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு நாளில் இன்னொன்றும் போயிற்று. அப்புறம் நத்தைகள். மீன்கள் மட்டும் மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கின. கடல் மீன் ஓயாமல் கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும் பிராணி. உப்பு கூடினால் அந்த வேலை கூடும், ஆனாலும் கொஞ்ச நாள் சமாளிக்கும். நத்தை, நட்சத்திர மீன் போன்றவற்றுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. வெளியே எத்தனை உப்போ அத்தனைதான் உள்ளேயும். அதனால்தான் அவை முதலில் போகின்றன.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கொழம்பு வத்திப் போச்சுன்னா வெந்நீ ஊத்துவியளா, உப்புத் தண்ணி ஊத்துவியளா?"

ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஆவியாதல் பாடம் நடத்தியவன் நான். ஈரத் துணி காய்வதைச் சொன்னேன், நீர்ச் சுழற்சிப் படம் வரைந்தேன். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேனே தவிர, எது மிச்சம் நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நம் தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலுக்குப் பக்கத்திலேயே, ஆறுமுகநேரியிலும் தூத்துக்குடியிலும், உப்பளம் உப்பளமாக இந்தப் பாடம் வெயிலில் கிடக்கிறது. கடல் தண்ணீர் 3, 3½ டிகிரி பாமேயில் உள்ளே வருகிறது. பாத்தி பாத்தியாக மாற்ற மாற்றக் கெட்டியாகி 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்குகிறது. உப்பளத் தொழிலாளி தினமும் டிகிரி பார்த்துச் செய்கிற வேலையைத்தான் நான் தொட்டிக்குள் தெரியாமல் செய்திருக்கிறேன். உங்களில் பத்துப் பதினைந்து பேர் இன்று ஆசிரியர்கள். உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: துணிக்கொடியோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை வெயிலில் வையுங்கள். மறுநாள் பிள்ளைகள் நக்கிப் பார்க்கட்டும்.

உப்பளம் என்றதும் இன்னொன்று. "சார், கல்லுப்பையே கரைச்சு ஊத்தினா என்ன? செலவு மிச்சம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. கடல் நீரில் கரைந்திருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேலேதான் நாம் சாப்பிடுகிற உப்பு. மிச்சம் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று பல சரக்கு. பாத்தியில் உப்பு இறங்கிய பிறகு வடித்து விடுகிற கசப்பு நீரோடு மக்னீசியத்தில் பெரும்பகுதி போய்விடும். கல்லுப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது.

தூத்துக்குடி 50 கிலோமீட்டர்தானே, கேனில் பிடித்து வந்துவிடலாமே என்றும் கேட்கிறீர்கள். கரையோரத் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் பாதி தாமிரபரணியாக இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு இருகரையும் உடைத்துக்கொண்டு ஓடியதே, அந்த வாரம் அங்கே மொண்ட தண்ணீரைக் கடல் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? முகத்துவாரத்து மடவையும் கொடுவாயும் இந்த ஏற்ற இறக்கத்தில் பிறந்து வளர்ந்தவை, தாங்கும். பவளப் பாறையில் வாழும் மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 34 கிராமோ 36 கிராமோ, நிலையாக இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும். இன்றைக்கு 33, நாளைக்கு 38 என்று ஆடினால்தான் சாகும். (போனதுதான் போனோம் என்று கரையில் கிடக்கும் பவளத்துண்டை எடுத்து வந்துவிடாதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.)

கடைக்காரர்கள் சொல்லும் ஒரு பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை: "புதுசா ஆரம்பிக்கிறீங்க, சின்னத் தொட்டியா வாங்குங்க, சுலபம்." நேர்மாறு. 100 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால் உப்பு 35-லிருந்து 35.7 ஆகும். 20 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் போனால் கிட்டத்தட்ட 39. ஒரு நாள் மறந்தாலே ஆபத்து. சின்னது விலையில்தான் சுலபம்.

ஓவர்ஹெட் டேங்கில் இருக்கிற மாதிரி மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவி விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைக் குழாயோடு நேரே இணைக்காதீர்கள். மிதவை ஒருநாள் சிக்கிக்கொள்ளும், அப்போது விடிவதற்குள் கடல் குளமாகிவிடும். அதற்குத் தனியாக ஐந்து லிட்டர் டப்பா வைத்தால், சிக்கினாலும் ஐந்து லிட்டரோடு போகும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை அப்படியே விடுவதும் வேண்டாம், குளோரின் இருக்கும்.

மகன் திரும்பி வந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டிவிடலாமே என்றேன். "அதுவும் கொன்னுரும்ப்பா" என்றான். ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் வீதம் பத்து நாளில் 35-க்கு இறக்கினான். கோமாளி மீன் இரண்டும் பிழைத்தன. அவை கடலில் பிடித்தவை இல்லை, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவை. நம் மண்டபத்துக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில்கூட அந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். வாங்குபவர்கள் அப்படி வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போதும் காலையில் ஊற்றுவது நான்தான். பேப்பர் படிப்பதற்கு முன்பு, கோட்டைப் பார்த்து, குறைந்த அளவு. கேன்களில் என் மனைவி காகிதம் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஆர்.ஓ. கேனில் "தினமும்". உப்புத் தண்ணீர்க் கேனில் "தொடாதீங்க".

நேரில் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்றைக்கு மகன் தண்ணீர் மாற்றுவான், வீடு முழுக்க வாளியாக இருக்கும்.