மஸ்கட்டுக்குத் தனியாகக் கிளம்பும் சகோதரிக்கு



தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வரும் டிசம்பரில் ஓமானுக்குத் தனியாகப் போய்வர ஆசை. “தனியாவா? அதுவும் துலுக்க நாட்டுக்கா?” என்று அண்ணி கேட்டதிலிருந்து மனசு ஊசலாடுகிறதாம். என்ன உடுத்துவது, கறுப்பு அபாயா என்ற நீள அங்கி வாங்கியே ஆக வேண்டுமா, பொட்டு வைக்கலாமா என்று மூன்று பக்கத்துக்குக் கேள்விகள். வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முஸ்லிம் நாடு என்றால் எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஈரானில் பெண்கள் தலையை மறைக்க வேண்டும் என்பது சட்டம். சவூதி அரேபியா 2019-ல் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியபோதே, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. ஓமானிலோ கடைத்தெருவுக்கு ஒரு வழக்கம், மசூதிக்கு வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது. தெருவில் நீங்கள் தலையை மூட வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறைந்து, உடம்பை இறுக்காமல் இருந்தால் போதும். உங்கள் பீரோவில் இருக்கும் சுடிதார்களே அதற்குப் போதுமானவை. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். புடவையும் கட்டலாம். ஆனால் அங்கே நிஸ்வா நகரத்துக் கோட்டையின் படிகளில் ஏறி இறங்கச் சுடிதார்தான் வசதி.

மசூதிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். தலைநகர் மஸ்கட்டில் இருக்கும் சுல்தான் கபூஸ் பெரிய மசூதியை 2001-ல் திறந்தார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் காலை 8 மணி முதல் 11 மணி வரை உள்ளே போய்ப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் முடி முழுவதையும் மறைக்க வேண்டும். கை மணிக்கட்டு வரையும், கால் கணுக்கால் வரையும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கும் முழுக்கால்சட்டை உண்டு, ஆகவே இது பெண்களுக்கு மட்டுமான கெடுபிடி இல்லை. ஜார்ஜெட் துப்பட்டா நழுவிக்கொண்டே இருக்கும். நீளமான பருத்தித் துப்பட்டாவும் நான்கு ஊக்கும் எடுத்துப்போங்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தி அந்த ஊர் வெயிலில் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். லைனிங் இருக்கிறதா என்று வீட்டு மொட்டைமாடி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே போனதும் தொழுகைக்கூடத்துக் கம்பளத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ஈரானிய நெசவாளர்கள் சுமார் 600 பேர் நான்கு ஆண்டுகள் உழைத்து முடித்தது. கட்டடத்துக்கான மணற்கல் சுமார் மூன்று லட்சம் டன், நம் இந்தியாவிலிருந்து போனது.

இன்னொரு இடத்திலும் உடை முக்கியம். மஸ்கட்டிலிருந்து சூர் நகருக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் வாதி ஷாப் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. சின்னப் படகில் ஒரு துறையைக் கடந்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பாறைகளில் நடந்தால் பச்சை நிறத் தண்ணீர்க் குட்டைகள் வரும். நீந்தத் தெரிந்தவர்கள் குகைக்குள் இருக்கும் அருவிவரை போகலாம். அங்கே பருத்திச் சுடிதாரோடு இறங்காதீர்கள். நனைந்தால் கனத்துக் காலைப் பின்னும். சீக்கிரம் காயும் துணியில் முழுக்கைச் சட்டையும் லெக்கின்ஸும் போதும். வேறு ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் மட்டும் போங்கள். மலைப்பக்கம் மழை இருட்டினால் திட்டத்தையே கைவிட்டுவிடுங்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் நிமிடங்களில் வந்துவிடும். தனியாகப் போகிறவர் எந்த உடையையும்விட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

உடை விஷயத்தில் நம் பெண்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மிரட்டலாகவே இருக்கிறது. அது எனக்கு ஏற்பில்லை. விருந்துக்குப் போகும் வீட்டின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம்தானே. அந்த மனசோடு போனால் போதும்.

இனி, யாரும் கேட்காமல் விட்டவை. மசாலாப் பொடியில் கசகசா வேண்டாம். வளைகுடா நாடுகள் பலவற்றில் அது தடை செய்யப்பட்ட பொருள். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகள் ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; எந்த மாத்திரையானாலும் சீட்டோடு, அதன் அட்டையிலேயே இருக்கட்டும். வாட்ஸாப் அழைப்பு அங்கே பல நேரம் இணைவதில்லை, செய்தி போகும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அண்ணி முதல்நாள் இரவே பதறிப்போவார். “தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வரும்” என்று நேரம் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது. அவசர உதவிக்கு 9999.

வெள்ளிக்கிழமையை யோசித்து வையுங்கள். அன்று பல கடைகள் மதியத் தொழுகை முடிந்த பிறகே திறக்கும். ஆனால் நிஸ்வாவில் ஆட்டுச்சந்தை வெள்ளி காலையில்தான். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஆகவே வியாழன் இரவே நிஸ்வா போய்த் தங்கிவிடுங்கள். சந்தையில் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஆண்களிடம் நீங்களாகக் கை நீட்டாமல், நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொன்னால் அவர்களும் அப்படியே சொல்வார்கள். டாக்சியில் பின் இருக்கையில் உட்காருங்கள். காவா என்ற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் நீட்டினால் வலது கையால் வாங்குங்கள்; போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். நோன்பு மாதத்தில் பகலில் வெளியிடங்களில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. உங்கள் டிசம்பருக்கு அந்தக் கவலை இல்லை, வெயிலும் தணிந்திருக்கும்.

பொட்டு தாராளமாக வைக்கலாம். இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் மஸ்கட். பழைய மஸ்கட்டில் அல் ஆலம் அரண்மனைக்கு அருகிலேயே சிவன் கோயில் இருக்கிறது. 2018-ல் நம் பிரதமரும் அங்கே போய்க் கும்பிட்டார்.

சகோதரி, பயணத் தேதி முடிவானதும் ஒரு வரி எழுதுங்கள். மஸ்கட்டில் நம் வாசகியர் சிலர் இருக்கிறார்கள்; உங்களை விமான நிலையத்தில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்