இசை அகராதி வாங்கும் முன் 'பறை'யைத் தேடிப் பாருங்கள்

ராஜபாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்க இந்த ஆண்டு கொஞ்சம் பணம் சேர்ந்தது. பட்டியல் போட உட்கார்ந்தபோது, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் "அக்கா, ஒரு மியூசிக் டிக்‌ஷனரி வாங்குங்க" என்றான். கீபோர்டு கற்றுக்கொள்கிறான். அவன் அப்பா ஒரு காலத்தில் சாவு வீடுகளுக்குப் பறையடிக்கப் போனவர். அதை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

எந்த அகராதி என்பதில் எங்களுக்குள் இரண்டு வாரம் விவாதம். கிரேடு தேர்வு எழுதுகிறவனுக்கு மேற்கத்திய இசைச் சொற்களுக்கான சிறிய கையடக்க அகராதி போதும். அதில் பெரிய யோசனைக்கு இடமில்லை. நம் ஊர் இசைக்கு எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

கர்நாடக இசை படிக்கிறவர்கள் முதலில் சொல்வது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த பி. சாம்பமூர்த்தியின் ஆங்கில அகராதியை. 1952 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. ராகம், தாளம், வித்வான்கள் பற்றி அறிய இன்றும் பயன்படும். தமிழில் வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1992 முதல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. பண், யாழ், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் இசைச் சொற்கள் என்று இறங்கினால் அதுதான் கைகொடுக்கும். தமிழ்வழி படிக்கும் மாணவர்களுக்கு என் முதல் ஓட்டு இதற்கே.

ஆனால் எதை வாங்கினாலும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்ததும் 'பறை' என்ற சொல்லைத் தேடுங்கள். இருக்கிறதா? எத்தனை வரி? மிருதங்கத்துக்கு எத்தனை வரி? பறையை அடித்தவர்கள் யார், எந்த நிலைமையில் அடித்தார்கள் என்று ஒரு வார்த்தையாவது உண்டா?

இந்தச் சொல் நமக்குத் தூரத்தில் இல்லை. பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி முழுக்க விடியற்காலையில் ஒலிக்கும் திருப்பாவையில், முதல் பாட்டிலும் பறை உண்டு, முப்பதாவது பாட்டிலும் உண்டு. அந்தப் பறைக்கு 'கைங்கர்யம்' என்று உரைகாரர்கள் உள்பொருள் சொன்னார்கள். பாட்டில் வந்தால் பக்தி, சேரிக்காரன் தோளில் தொங்கினால் தீட்டு. இதே சொல் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போய் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் அங்கே உட்கார்ந்துவிட்டது. ஆங்கில அகராதிகளே அதன் வேர் தமிழ் என்றும், பறையடிப்போரைக் குறித்தது என்றும் குறிப்பிடுகின்றன. ஒரு சொல்லுக்கு அகராதி என்ன பொருள் எழுதுகிறது என்பது சின்ன விஷயமா?

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, எருமை, ஆடு என மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை 2020இல் கலாக்ஷேத்ரா அரங்கில் வெளியிடுவதாக இருந்தது. கொடுத்த அனுமதியை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. வாசித்தவர் பெயர் அகராதியில் ஏறுகிறது. தோலை இழுத்துக் கட்டியவர் பெயரைச் சொல்ல ஒரு புத்தகம் வந்தால் அதற்கு மேடை தர யோசிக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் கவனம் தேவை. இப்போது பறையை 'ஆதித்தமிழர் இசைக்கருவி' என்று ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போகும் புத்தகங்கள் பெருகிவிட்டன. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளில் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் சாவுக்கும் ஊர்ச்சாட்டுக்கும் கூலியில்லாமல், மறுக்க முடியாமல் அடிக்க வைத்த வரலாறும் உண்மைதானே. அதை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்கள் நம் தாத்தாக்கள். பிறகு மதுரை இறையியல் கல்லூரியில் பறட்டை தியோபிலஸ் அப்பாவு, மேடைகளில் கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் நாட்டுப்புற இசையை விடுதலையின் குரலாகத் திருப்பி எடுத்தார்கள். வைத்ததும் எடுத்ததும் இரண்டுமே போராட்டம். ஒன்றை மட்டும் சொல்லும் பதிவு எனக்குப் பாதிப் பதிவுதான்.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது: கையடக்க அகராதி ஒன்று வாங்குவது, கலைக்களஞ்சியத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுவது. கிடைக்கும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, செல்போனிலேயே தேடலாம். அதோடு 80 பக்க நோட்டு ஒன்று. அதில் நாங்களே எழுதுகிறோம்: சிண்டுக்குச்சி, அடிக்குச்சி, ஒத்தையடி, மருளடி, வாழ்த்தடி, தோல் ஒட்டப் புளியங்கொட்டைப் பசை, அடிக்கும் முன் தீயில் காய்ச்சும் பக்குவம். சமூகவியல் எம்.ஏ. படித்தபோது களப்பணி என்று எத்தனையோ தாள் நிரப்பியிருக்கிறேன். ஒன்றில்கூட இந்தச் சொற்கள் இல்லை.

தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனான். "உன்னை யாரும் கூப்பிடக் கூடாதுன்னுதானே அதை விட்டேன், இப்ப எதுக்கு எழுதுற?" என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். அந்தக் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதையும் எழுதிக்கொள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே நோட்டை வாங்கிப் பார்த்து, அடிக்குச்சி எந்தக் கைக்கு என்று மகன் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தினாராம். ஒரு நிபந்தனையும் வைத்தார்: "என் பேரைப் போடாதே."

போடவில்லை.