அரிசி வெளுத்தது யாருக்காக?

ஆடி பிறந்துவிட்டால் சைதாப்பேட்டைத் தெருக்களில் அம்மன் கோயில் வாசலுக்கு அண்டா வந்துவிடும். கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்துக் காய்ச்சிய கூழ், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. சொம்பும் தூக்குவாளியுமாக வரிசையில் நிற்கிறோம். பிரசாதம் என்று பக்தியோடு குடிக்கிறோம். ஆவணி வந்ததும் கேழ்வரகை மறந்துவிடுகிறோம். மீதி மாதங்களெல்லாம் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை. மூன்று வேளையும் அரிசிதான். என் வீட்டிலும் இதே கதை என்பதால் 'நாம்' என்றே எழுதுகிறேன்.

இதை எழுதச் சைதாப்பேட்டைக்காரர்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. தமிழ்நாட்டில் நவீன வேளாண்மையைக் கற்பிக்கத் தொடங்கிய ஊர் இது. 1860களில் அரசு இங்கே ஒரு சோதனைப் பண்ணை வைத்தது. 1868இல் வேளாண்மைப் பள்ளி வந்தது. அந்தப் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குப் போய், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நாம் சொல்லவில்லை.

நவீன விவசாயத்தையே விஷம் என்று திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1876 முதல் 1878 வரை இந்த மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. 1967இல்கூட அரிசித் தட்டுப்பாடுதான் தேர்தலில் பெரிய பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. வென்ற அந்தத் தேர்தலில், சைதாப்பேட்டை தேர்ந்தெடுத்தது மு. கருணாநிதியை. ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 போன்ற அதிக விளைச்சல் ரக நெல்லும் யூரியாவும் பம்ப்செட்டும்தான் அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்த்தன. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்று நம் பாட்டிமார் பட்ட பயம் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த நன்றியை மறந்துவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் வயிறு நிறைந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது: தட்டில் சத்தையும் சேர்ப்பது. அதை நாம் செய்யவில்லை. யாரும் சொல்லாமலும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். தானியத்தின் அளவு போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு, 1920களில், குன்னூரில் உணவு ஆராய்ச்சியாளர் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று பஞ்சாபி உணவு தின்றவை நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவு தின்றவை நலிந்து கிடந்தன. நம் தட்டைப் பற்றி நம் மாநிலத்திலேயே செய்த ஆராய்ச்சி. நூறு வருஷம் ஆகிறது. நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொள்ளாதது மட்டுமா? எதிர்த்திசையில் நடந்தோம். அரிசிக் கடையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இன்னும் வெள்ளையா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டது நாம்தான். மில்காரர் தானாக இரண்டு தடவை பாலிஷ் போடவில்லை. நாம் கேட்டோம், அவர் போட்டார். தவிடோடு நார்ச்சத்தும் வைட்டமினும் மாட்டுத் தீவனத்துக்குப் போயின. ரேஷன் புழுங்கல் அரிசியைக் கௌரவக் குறைவென்று மாவு மில்லுக்குத் தள்ளிவிட்டோம். கம்பையும் வரகையும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கினோம். இப்போது சர்க்கரை நோய் வந்த பிறகு அவற்றையே பாக்கெட்டில் அதிக விலைக்கு வாங்குகிறோம். விளைவித்தவருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்கிறோமா?

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. காரணம் அரிசி ஒன்றே என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்தே இருக்கும் பிழைப்பு, எண்ணெய், இனிப்பு எல்லாம் உண்டு. ஆனால் சோறு மலையாகவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் தட்டில் விழுவதை யாரும் நம்மீது திணிக்கவில்லை. அப்படிப் பரிமாறுவது நாம்.

அடுத்த மாதம் அரிசி வாங்கப் போகும்போது, "பட்டை தீட்டாத அரிசி இருக்கா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். இல்லை என்பார். அதற்கடுத்த மாதமும் கேளுங்கள். தெருவில் நாலு வீடு கேட்டால் அவர் மூட்டை இறக்கிவிடுவார்.