யார் மூத்தவர்?

சென்ற மாதம் விமானிகளுக்குப் பரிந்து நான் நாலு வரி எழுதப் போக, சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் என்னை உரித்து எடுத்துவிட்டார். கடிதம் மூன்று பக்கம். சாரம் இதுதான்: "எங்கள் ஊரில் சரம் பின்னுகிற பெண்பிள்ளைக்கு இருபது வருஷ உழைப்புக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மாதம் லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்காக ஐயா அழுகிறீர்களே! உங்கள் கண்ணீருக்குக்கூட விமான டிக்கெட் வேண்டுமோ?"

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

விமானிக்குச் சம்பளம் பெரிது. இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கம்பெனிகள் ஒன்று சேரும்போதெல்லாம் அவர்கள் மல்லுக்கு நிற்பது சம்பளத்துக்காக மட்டும் அல்ல, வரிசைக்காக. சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு விமானிக்கும் ஸீனியாரிட்டி வரிசையில் ஓர் இடம் உண்டு. துணை விமானியாக இருப்பவர் எப்போது காப்டன் ஆவார், சின்ன விமானத்தை விட்டுக் கடல் தாண்டும் பெரிய விமானத்துக்கு எப்போது போவார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்தது. கெட்ட காலம் வந்து ஆள் குறைப்பதென்றால் வரிசையின் வாலிலிருந்து வெட்டுவதுதான் வழக்கம். வேறு கம்பெனிக்குப் போனால் கற்ற வித்தை கூட வரும். வரிசையில் இருந்த இடம் வராது. பதினைந்து வருஷம் காத்திருந்து சேர்த்த சொத்து அது. பாங்கியில் போட முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. இரண்டு கம்பெனிகள் கலக்கும் அன்றைக்கு ஒருவர் கையெழுத்திலே அது பறிபோகலாம்.

விருதுநகரில் வத்தல், மல்லி மண்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவரும் கடிதக்காரர் கட்சிதான். நான் கேட்டேன்:

"அண்ணாச்சி, இரண்டு மண்டி ஒன்றாகிறது என்றால் முதலில் என்ன செய்வீர்கள்?"

"ரெண்டு பேரேட்டையும் கொண்டாங்கம்பேன். எவன் பங்கு எம்புட்டுன்னு தீர்த்துட்டுத்தான் மறு பேச்சு."

"போர்டு?"

"போர்டு என்ன போர்டு! ஆயுத பூஜைக்கு எழுதிக்கிட்டாப் போச்சு."

நம்முடைய சர்க்காருக்கு இந்த மண்டிக்கடை ஞானம் இல்லாமல் போயிற்று. ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் 2007-ஆம் வருஷம் ஒன்றாக்கினார்கள். அந்த மே மாதமே புதுச் சின்னத்தை வெளியிட்டாகிவிட்டது: சிவப்பு அன்னம், அதனுள்ளே கோனார்க் சக்கரம். ஆகஸ்டில் இணைப்பு நடந்தேறியது. இரண்டு கம்பெனிச் சிப்பந்திகளின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் எப்படிச் சமன் செய்வது என்று ஆராய நீதிபதி தர்மாதிகாரி கமிட்டி அமைந்தது 2011-இல். அறிக்கை வந்தது 2012 ஜனவரியில். போர்டு எழுதி நாலரை வருஷம் கழித்துப் பேரேட்டைப் பிரித்திருக்கிறார்கள்!

அனுபவம் இல்லாத சர்க்காரும் அல்ல. 1953-இல் எட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கித்தானே இந்தியன் ஏர்லைன்ஸே பிறந்தது?

அந்த நாலரை வருஷத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரே கம்பெனிக்குள் இரண்டு விமானி வர்க்கங்கள், இரண்டு சம்பளம், இரண்டு சங்கங்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் சம சம்பளம் கேட்டு 2011 ஏப்ரல் கடைசியில் வேலை நிறுத்தம் செய்தது. பத்து நாள். நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மறு வருஷம் மே மாதம் பழைய ஏர் இந்தியாவின் விமானிகள் சங்கமான பைலட்ஸ் கில்டின் முறை. வரப்போகும் போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியை மற்றக் கம்பெனியிலிருந்து வந்தவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. ஒட்டுமொத்தமாக "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். (பள்ளிக்கூடத்தில் நான் கையாண்ட உபாயம். எனக்கும் பலிக்கவில்லை.) 58 நாள் நீடித்தது. சுமார் நூறு பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கில்டின் அங்கீகாரமும் போயிற்று. அதன் அலுவலகத்துக்குப் பூட்டும் விழுந்தது.

அந்த 58 நாள் வேலை நிறுத்தத்தை நான் ஆதரிக்கவில்லை. சக விமானி ஒரு விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று மறிப்பது சங்கத்தின் வேலை அல்ல. ஆனால் அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? அந்த விமானங்களை வாங்க ஏற்பாடு செய்தது இணைப்புக்கு முந்திய ஏர் இந்தியா. அங்கே காப்டன் ஆவதற்கு அதிக வருஷம் காத்திருக்க வேண்டும். மற்றக் கம்பெனியில் அவ்வளவு காத்திருக்காமலே காப்டன் ஆனவர், தனக்கு முன்னால் வந்து உட்காருவாரோ என்று ஒருவர் பயந்தால் அதைப் பேராசை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பந்தியில் இலை எத்தனை என்று எண்ணாமல் இரண்டு ஊர்க்காரர்களையும் அழைத்துவிட்டு, அவர்கள் முட்டி மோதும்போது "ஐயோ, எத்தனை அநாகரிகம்!" என்று மூக்கில் விரல் வைக்கிறார்கள் வீட்டுக்காரர்கள். பத்திரிகைகளும் சேர்ந்து விரல் வைத்தன.

அதே 2007-ஆம் வருஷ டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். 2001-இல் டி.டபிள்யூ.ஏ. என்ற பழைய விமானக் கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, பயணிகளுக்குப் பணிவிடை செய்த பெண்களை, இருபது முப்பது வருஷ ஸர்வீஸ்காரிகளையும் சேர்த்து, வரிசையின் அடியில் போட்டார்கள். ஆள் குறைப்பு வந்தது. அடியில் இருந்தவர்கள் போனார்கள். அதற்குப் பிறகுதான், கம்பெனிகள் இணையும்போது வரிசைகளை நியாயமாகப் பின்ன வேண்டும், ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மத்தியஸ்தரும் சர்வரோக நிவாரணி அல்ல. யூ.எஸ். ஏர்வேஸ் இணைப்பில் மத்தியஸ்தர் தீர்ப்புச் சொன்ன பிறகும், தொகையில் பெரிய பக்கத்து விமானிகள் அதைப் பிடிக்காமல் பழைய சங்கத்தையே கவிழ்த்து 2008-இல் புதுச் சங்கம் கண்டார்கள். அடுத்த இணைப்பு 2013-இல் வருகிற வரை இரண்டு வரிசைகளும் தனித்தனியாகவே கிடந்தன. நியாயம் செய்வது அங்கேயும் சுலபமாக இல்லை. ஆனால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு என்று அவர்களுடைய சட்டத்துக்காவது தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் 1947-ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தில் பிற்பாடு சேர்த்த பிரிவு ஒன்று இருந்தது: முதலாளி மாறினாலும் தொழிலாளியின் ஸர்வீஸ் அறுபடாமல் தொடர வேண்டும், இல்லாவிட்டால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் இரண்டு வரிசைகளை ஒன்றாக்குவது எப்படி என்று அதில் சொல்லவில்லை. தவிர, அது தொழிலாளி என்று பெயர் உள்ளவருக்குத்தான் பொருந்தும். நிர்வாகி என்றால் பொருந்தாது.

இந்த ஓட்டையை யார் கவனித்தார்களோ இல்லையோ, கெட்டிக்கார நிர்வாகங்கள் கவனித்திருக்கும். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாக்களின் கைக்குத் திரும்பியது. 2023 ஏப்ரலில் விமானிகளுக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதில் சில வருஷம் காப்டனாக இருந்தவர்களுக்கு "ஸீனியர் கமாண்டர்" என்ற பட்டம், நிர்வாக வர்க்கத்தில் இடம்! சங்கங்கள் இரண்டும் இந்த முறை சேர்ந்தே எதிர்த்தன. எங்களைத் தொழிலாளி வகுப்பிலிருந்து கிளப்பும் தந்திரம் இது என்றன. சங்கம் என்று ஒன்றையும் நாங்கள் அங்கீகரிக்கவில்லை என்றது நிர்வாகம். மாலை போட்டுச் சங்கத்துக்கு வெளியே உட்கார்த்தி வைப்பது பூட்டுப் போடுவதைவிட நாகரிகமான வழிதான். 2024-இல் விஸ்தாரா இணைப்பின்போதும் கதை மாறவில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த சம்பளம் 40 மணியாகச் சுருங்கியது. ஏப்ரலில் திரும்பவும் பலருக்கு "உடம்பு சரியில்லை". நவம்பரில் இணைப்பு முடிந்தது.

கடிதக்கார நண்பரே, இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். விமானிகள் என்றைக்காவது உங்கள் சரம் பின்னுகிற பெண்ணை நினைத்ததுண்டா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. அது அவர்கள் குற்றம். ஆனால் நீங்கள் சொன்ன அந்தத் துண்டுக் காகிதம் இருக்கிறதே, அதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் சாத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் பட்டாசு ஆலைப் போர்மேன் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். மருந்து கலக்குவதில் முப்பது வருஷப் பழக்கம். நாக்பூர் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துகிறவர் இன்னொருவராக இருப்பார். உள்குத்தகை சட்டப்படி கூடாது. கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்; நடக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். குத்தகை கைமாறும்போது இவருடைய வருஷக் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"என்ன ஆகும் அண்ணாச்சி? மொதலாளி புதுசுன்னா நானும் புதுசுதான். போனஸு, பணிக்கொடை எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கும்."

"யாரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"யார்ட்ட? சங்கம்னு வாயத் தொறந்தா மறுநா வேலைக்கு வேண்டாம்பாங்க."

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மூன்று அடையாள அட்டைகள். அதே கேட், அதே ஷெட். மூன்று அட்டையிலும் அவருடைய படம் வயசாகிக்கொண்டே வருகிறது. சேர்ந்த தேதி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. கடைசி அட்டைப்படி அவருக்கு ஸர்வீஸ் ஒன்றரை வருஷம்.