முதலில் ஓடியவர் வயோமியா

1968 அக்டோபர் 15. மெக்சிகோ நகரின் ஒலிம்பிக் மைதானத்தில் பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் தொடங்கப்போகிறது. கோட்டுக்குப் பின்னால் எட்டுப் பேர். காலை உதறுகிறார்கள், தொடையைத் தட்டிக்கொள்கிறார்கள். முகங்களில் ஈயாடவில்லை. அவர்களில் ஒருவர் மட்டும் நடனம் ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த வருடம் அமெரிக்காவைக் கலக்கிய ‘டைட்டன் அப்’ பாட்டுக்கான ஆட்டம். உடம்பு இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆடினேன் என்று பின்னாளில் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களைக் கொஞ்சம் கலங்கடிக்கவும்தான் ஆடியிருப்பார் என்பது என் ஊகம்.

துப்பாக்கி வெடித்தது. 11.0 வினாடி. உலக சாதனை, தங்கம்.

அவர் பெயர் வயோமியா டையஸ். நான்கு வருடம் முன்பு டோக்கியோவிலும் இதே ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். ஒலிம்பிக் 100 மீட்டரில் அடுத்தடுத்து இருமுறை வென்றவர்கள், ஆணோ பெண்ணோ, அதுவரை ஒருவரும் இல்லை. (1904, 1906 இரண்டிலும் வென்ற ஆர்ச்சி ஹானுக்காக யாராவது கொடி பிடிக்கலாம். 1906 ஏதென்ஸ் போட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கணக்கில் சேர்ப்பதில்லை.) இத்தனை பெரிய காரியம். ஆனால் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் பிரிக்கும் என் நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், “யாரு?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் கிரிஃபின் என்ற சிற்றூரில் 1945இல் பிறந்தார். அப்பா பால்பண்ணைத் தொழிலாளி. அம்மா சலவைக்கடையில் வேலை பார்த்தார். மூன்று அண்ணன்களுக்குக் கீழே கடைக்குட்டி. பெண் பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று அண்ணன்கள் முரண்டு பிடித்தால், அவளையும் சேர்த்துக்கொண்டு ஆடுங்கள் என்பது அப்பா வில்லி டையஸின் கட்டளை. அருகிலிருந்த பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கானது. டையஸ் வீட்டுப் பிள்ளைகள் பேருந்து ஏறி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த தூரத்துப் பள்ளிக்குப் போனார்கள். வயோமியாவுக்கு 14 வயதானபோது வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. மறு வருடம் அப்பா இறந்தார். அதன்பிறகு பெண் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பள்ளி மைதானத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டம் எட் டெம்பிள் கண்ணில் பட்டது. நாஷ்வில் நகரில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் சமூகவியல் பாடம் நடத்தினார். பெண்கள் தடகள அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான். அணியின் பெயர் ‘டைகர்பெல்ஸ்’. 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் அள்ளிய வில்மா ருடால்ஃப் அந்த அணியில் உருவானவர். பள்ளி மாணவிகளில் தேறக்கூடியவர்களைப் பார்த்து டெம்பிள் கோடைப் பயிற்சி முகாமுக்கு அழைப்பார். 1961இல் வயோமியாவுக்கு அழைப்பு வந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் பளபளக்கும் அரங்குகள் நம் நினைவுக்கு வரும். டைகர்பெல்ஸ் ஓடியது மண் தடத்தில். பெண்களுக்கு விளையாட்டுக்காக உதவித்தொகை தரும் வழக்கமே அப்போது இல்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல்தான் வந்தது. ஆகவே இந்தப் பெண்கள் வளாகத்திலேயே தினம் இரண்டு மணி நேரம் வேலை பார்த்துப் படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். தென் மாநிலங்கள் வழியாகப் போட்டிகளுக்குக் காரில் போகும்போது சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வழியோர உணவகங்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை. இந்த நிலையிலிருந்து டெம்பிள் 40 பேரை ஒலிம்பிக்குக்கு அனுப்பினார். 23 பதக்கங்கள் வந்தன, அதில் 13 தங்கம். அந்த 40 பேரில் 39 பேர் பட்டப்படிப்பையும் முடித்தார்கள். டெம்பிளுக்குப் பதக்கக் கணக்கைவிட இந்தக் கணக்கில் பெருமை அதிகம். எனக்கும் அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் அவருடைய கணக்கு தப்பியது. 1964இல் டோக்கியோவுக்குக் கிளம்பும்போது, இது உனக்கு அனுபவத்துக்கு, உன் காலம் 1968இல் வரும் என்று 19 வயது வயோமியாவிடம் சொல்லி வைத்திருந்தார். தங்கம் எடித் மெக்வயருக்கு என்பது பொதுவான எதிர்பார்ப்பு. எடித் அதே அணிக்காரர், வயோமியாவுக்கு நெருங்கிய தோழி. அனுபவத்துக்குப் போன பெண் முன்சுற்றிலேயே வில்மாவின் உலக சாதனையான 11.2 வினாடியைச் சமன் செய்தார். இறுதி ஓட்டத்தில் எடித்தைப் பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தார். 200 மீட்டர் தங்கம் எடித்துக்குக் கிடைத்ததால் தோழமைக்குச் சேதாரம் இல்லை.

மெக்சிகோவில் தடம் செயற்கைத் தடம், ஒலிம்பிக்கில் முதன்முறையாக. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிது. குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது வசதி. கையால் இயக்கும் நிறுத்தக் கடிகாரத்தின் கணக்கில் 11.0 என்று பதிவான வயோமியாவின் ஓட்டம் மின்னணுக் கணக்கில் 11.08. இரண்டாவதாக வந்தவர் அமெரிக்காவின் பார்பரா ஃபெரல். மூன்றாவது போலந்தின் இரேனா ஷெவின்ஸ்கா. 4x100 தொடரோட்டத்திலும் வயோமியா கடைசிக் கட்டத்தை ஓடி, இன்னொரு தங்கமும் உலக சாதனையும் சேர்த்துக்கொண்டார்.

வயோமியாவின் ஓட்டத்துக்கு மறுநாள்தான் அமெரிக்காவின் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனப் பாகுபாட்டை எதிர்த்து வெற்றி மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து கைமுட்டியை உயர்த்தினார்கள். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தைத் திட்டமிட்ட கூட்டங்களுக்குப் பெண் வீரர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் வயோமியா தன் பங்கைச் செய்தார். அணியின் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதிலாகக் கருநிறக் கால்சட்டை அணிந்து ஓடினார். அது எதிர்ப்பு என்று எவரும் கண்டுகொள்ளவில்லை. தொடரோட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன்னால், இந்தத் தங்கம் ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் என்று அறிவித்தார்.

வயோமியா மறக்கப்பட்டதற்கு அந்த இரண்டு முட்டிகளே காரணம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. அதே மைதானத்தில் இரண்டு நாள் கழித்து பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அந்தத் தாண்டலை எந்த முட்டியும் மறைக்கவில்லையே. இன்றைக்கும் விளையாட்டு வரலாறு எழுதுகிற எவரும் அதை விடுவதில்லை. கறுப்பினப் பெண்ணின் ஓட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எழுதுகிறவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இருபது வருடம் கழித்து அது அப்பட்டமாக வெளிப்பட்டது. 1988 சியோலில் பென் ஜான்சன் 9.79 வினாடியில் முதலில் வந்தார், ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார், தங்கம் கார்ல் லூயிஸ் கைக்கு வந்தது. 1984இலும் வென்றவர் லூயிஸ். உடனே, 100 மீட்டர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஆள் என்று அவரைக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஆண்களில் முதலாமவர் என்றால் சரி. அப்படிச் சொல்லப் பலருக்குத் தோன்றவில்லை. லூயிஸ் மீது குறையில்லை, அவர் மாபெரும் ஓட்டக்காரர். ஆனால் அந்த இரண்டாவது தங்கம் அவருக்குச் சோதனைக்கூடத்தின் முடிவால் கிடைத்தது. வயோமியா தன்னுடையதைத் தடத்திலேயே எடுத்தார். அவருக்குப் பிறகு இதைச் சாதித்தவர்கள் கெய்ல் டிவர்ஸ், ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ், எலெய்ன் தாம்சன்-ஹெரா, ஆண்களில் லூயிஸும் மூன்று முறை வென்ற உசைன் போல்ட்டும். ஆக, பெண்கள் நான்கு, ஆண்கள் இரண்டு.

அமெச்சூர் விதிகள் கெடுபிடியாக இருந்த காலம் அது. இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து நான்கு பதக்கம் வாங்கியவருக்குப் பணம் என்று எதுவும் வரவில்லை. 1973இல் தொடங்கிய தொழில்முறைத் தடகளச் சுற்றில் 60 கஜம் ஓடினார். அடுத்த வருடம் தோல்வியே இல்லை. அந்தச் சுற்று சில ஆண்டுகளில் மூடப்பட்டது. டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குடன் சேர்ந்து பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் வயோமியாவும் ஒருவர். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் மரம், செடி, பறவை காட்டிக்கொடுக்கும் வேலை பார்த்தார். சொந்த ஊரான கிரிஃபினில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

2018இல் எலிசபெத் டெர்சாகிஸுடன் சேர்ந்து ‘டைகர்பெல்’ என்ற தன்வரலாற்றை எழுதினார். விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகள் தமிழில் நிறைய வருகின்றன, கிரிக்கெட்காரர்கள்தான் அதிகம். பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அடுத்து இந்தப் புத்தகத்தின் உரிமையைக் கேட்டுப் பாருங்கள். முதல் பிரதிக்கு நான் இப்போதே துண்டு போட்டுவைக்கிறேன்.