முப்பது வெள்ளிக்கு சர்வீஸ் கேட்கிறவர்களுக்கு

காஜாங்கில் கடிகாரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பேட்டரி மாற்றித் தருவார்கள், வார் மாற்றித் தருவார்கள். கையின் அசைவிலேயே ஓடுகிற பழைய சீக்கோ 5 ஒன்றை மேசைமேல் வைத்துப் பாருங்கள். முகம் மாறிவிடும். "பழசு. இதுக்குக் காசு கொட்டாதே, புதுசு வாங்கு" என்று பாசார் மலாயில் புத்திமதி கிடைக்கும்.

அந்தப் புத்திமதி எனக்கு வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்தில் டிரெசராக இருந்த காலமெல்லாம் இதன் நொடி முள்ளைப் பார்த்துத்தான் நாடி எண்ணினேன். பின்மூடியில் உள்ள எண் 42 என்று தொடங்குகிறது. சீக்கோ கணக்கில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அதாவது 1984 பிப்ரவரி. உள்ளே 7009 மிஷின், 17 கல். 1963-இல் தொடங்கிய இந்த வரிசை அன்றாடம் கட்டி உழைப்பதற்கென்றே வந்தது. கையால் சாவி கொடுக்கும் வசதி என் கடிகாரத்தில் கிடையாது. திருகைக்கூட 4 மணிப் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பாகங்கள் குறைவு, கைதேர்ந்தவருக்குப் பெரிய வேலையில்லை.

ஆனாலும் பேரங்காடி ஒன்றில் கேட்ட கூலி, இதே கடிகாரம் சந்தையில் விலைபோகும் தொகையைவிட அதிகம். இன்னொரு கடையில் மிஷினையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் முப்பது வெள்ளி, பத்து நிமிடம். என் மைத்துனர் அந்த முப்பது வெள்ளி வைத்தியத்தைப் பார்த்தவர். மூடியைத் திறந்து, எதையும் பிரிக்காமல் மிஷினை அப்படியே பென்சினில் அலசி, மேலாக எண்ணெய் விட்டு மூடிக் கொடுத்தார்களாம். ஒரு மாதம் ஜோராக ஓடி, பிறகு நின்றுவிட்டது. பழைய பிசுக்கு உள்ளேயே கிடந்தால் புது எண்ணெயும் அதோடு சேர்ந்து பிசினாகத்தான் போகும்.

எனக்கு வாய்த்தவர் ஒரு சீன அங்கிள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி. கூலி 150 ரிங்கிட், பேரம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். முதலில் சுருள்வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தினார். அப்புறம் ரோட்டர், பாலங்கள், பற்சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழன்று தட்டின் அறைகளுக்குப் போயின. கழுவிய பிறகு ஒவ்வொரு கல்லிலும் ஊசி முனையில் எண்ணெய், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளி. அதிகமானால் வழிந்து வேண்டாத இடத்துக்குப் போய்விடும். கடைசியில் கடிகாரத்தை ஒரு கருவியில் மாட்டித் துடிப்பைப் பார்த்தார். மணிக்கு 21,600, அதாவது நிமிடத்துக்கு 360. மனிதனுக்கு அப்படி அடித்திருந்தால் நான் அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.

இதில் 150 எங்கே அதிகம்? சீக்கோ என்பதால் பற்சக்கரங்கள் தாமாகக் கழன்று வருவதில்லை. பத்தாயிரம் ரிங்கிட் கடிகாரத்தைப் பிரிப்பதற்குத் தேவையான அதே கண், அதே விரல், அதே பொறுமைதான் இதற்கும் வேண்டும். கூலியைக் கடிகாரத்தின் விலையோடு ஒப்பிடுவதே தப்புக் கணக்கு. ஏர்கான் கழுவ வருகிறவரிடம், ஏர்கானை இன்று விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று யாராவது கணக்குப் பார்க்கிறோமா? ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்கு சர்வீஸ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். வெள்ளியைக் குறை, குறை என்று நாம் நச்சரித்ததில்தான் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பேட்டரி மாற்ற உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது வெள்ளிக்கு முப்பது வெள்ளி வேலைதான் நடக்கும்.

இன்னொன்று. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலோ இணையத்திலோ பழைய சீக்கோ 5 வாங்குகிறவர்கள், டயல் அளவுக்கு மீறிப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பம்பாயில் பழைய டயலுக்குப் புதுச்சாயம் பூசி, பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து விற்பது சேகரிப்பாளர்கள் எல்லாரும் அறிந்த வியாபாரம். எச்எம்டிக்கும் அதே கதிதான். 1961-இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் பிறந்த அந்தக் கடிகார ஆலையை 2016-இல் மூட முடிவெடுத்தார்கள். பாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த கடிகாரத்தின் வயிற்றில்தான் தேட வேண்டும். அங்கிளின் தகர டப்பாவில் அப்படிப்பட்டவை நிறையக் கிடக்கின்றன. ஓடாத கடிகாரம் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், இவரைப் போன்றவர்களிடம் கொடுங்கள்.

கடைக்காரர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. என்ன செய்தீர்கள் என்பதை ரசீதில் எழுதிக் கொடுங்கள்: பிரித்ததா, கழுவியதா, எந்தப் பாகம் மாற்றியது, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முன்பின் ஓடுகிறது. பிரிக்காமல் அலசி எண்ணெய் மட்டும் விட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதற்கு முப்பது வெள்ளி வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.